கண்ட்ரோல் அக்காவும் ஒன்பது ரிப்போர்ட்டுகளும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் அக்காவிடமிருந்து எடுத்தது. கேட்டு வாங்கியது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கேட்டேன், முடியாது என்றாள், அதன் பிறகு எடுத்தேன்.

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போன் செய்து, "அறிவியல் வாசனை அடிக்கிற மாதிரி ஒரு கதை வேணுமே" என்றார். எனக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவு, வீட்டில் ஃபியூஸ் போனால் அக்காவைக் கூப்பிடுவதோடு சரி. ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா? "அதுக்கென்ன சார், கைவசம் ஒண்ணு இருக்கு" என்றேன். கைவசம் கதை இல்லை, அக்காதான் இருந்தாள். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடமாக ஒரே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். போன மாதம் அங்கே ஒரு தவறு நடந்தது. சரியாகச் சொன்னால், பதினொரு வருடமாக நடந்துகொண்டிருந்த தவறு போன மாதம் தெரியவந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூடாத நேரத்தில் அவள் என்னிடம் சொன்னாள். தம்பி என்று நம்பிச் சொன்னாள், பாவம்.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: "ரத்தம் சிவப்பு. ஆனால் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பல்ல. மனித நரம்புகளில் காலம் காலமாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த—"

(அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "நரம்புல எங்கடா ரத்தம் ஓடுது? ரத்தக்குழாய்ல ஓடும்" என்றாள். தொடக்கம் அங்கேயே உயிரை விட்டது.)

இரண்டாவது: "அவர் பரிசோதனைக் கூடத்தின் கதவைத் திறந்தபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது."

(ஏன் மழை என்று கேட்காதீர்கள். கதை எழுத உட்கார்ந்தால் என் கைக்கு மழை தானாக வந்துவிடும். அந்தக் கூடத்தில் ஜன்னலே கிடையாது. அதோடு அடையாளம் தெரியக் கூடாது என்று அக்காவை ஓர் ஆணாக மாற்றியிருந்தேன், நாற்பத்தைந்து வயது, தோற்றுப்போன காதல் ஒன்று. "எனக்கு எதுக்குடா மீசை வெச்ச?" என்றாள்.)

மூன்றாவது: "ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ட்ரோல் அக்கா என்று கூப்பிடுவார்கள்."

இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் துணி காயப்போட்டாள். அதனால் இது நின்றது.

எழுதக் கூடாது என்றவள் ஏன் திருத்துகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "எழுதாதேன்னுதான் சொல்றேன். ஆனா என் கண்ணு முன்னாடி தப்பா எழுதாதே" என்றாள். தவறு ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவளால் முடியாது. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

2

இயந்திரத்தை விவரிக்க வேண்டும். என் முதல் வரைவில் அது ஓர் அறை முழுவதும் நிறைந்திருந்தது, உறுமியது, நீல வெளிச்சம் கக்கியது. நேரில் போய்ப் பார்த்தால், நகல் எடுக்கும் கடையில் இருக்கிற மெஷின் அளவுதான். சத்தம் நம் வீட்டு ஃபிரிட்ஜை விடக் குறைவு. மேலே யாரோ ஒரு பொம்மை யானையை வைத்திருக்கிறார்கள்.

அது செய்கிற வேலை இது. நம் சிவப்பணுக்களின் மேல் ஆன்டிஜென் என்று சில பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஏ குரூப்பா பி குரூப்பா என்பது அவற்றை வைத்துத்தான். 'டி' என்று ஒன்று இருக்கிறது. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். சிலருக்கு மட்டும் இருக்கிறது என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல், கொஞ்சமாக இருக்கும். சாதாரணக் குழாய்ப் பரிசோதனையில் சந்தேகமாக வருகிற அந்த ரத்தங்கள்தான் அக்காவிடம் வரும். அவள் அவற்றில் 'டி'யைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு சாயத்தைக் கலப்பாள். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கும்பலாகப் போகாதபடி நன்றாகக் கலக்கி உள்ளே விடுவாள். டிக்கெட் வாங்குகிற வரிசை மாதிரி அவை ஒவ்வொன்றாக ஒரு லேசர் கதிரைக் கடக்கும். எந்த அணுவில் எவ்வளவு சாயம் மினுங்குகிறதோ அவ்வளவு 'டி'. திரையில் ஒரு மேடு எழும்பும். மேடு வலது பக்கம் இருந்தால் நிறைய, இடது பக்கம் இருந்தால் குறைவு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தப் பத்தியை நான் ஏழு முறை எழுதினேன். ஆறாவது முறை வரை அணுக்கள் "நடனமாடின". அக்கா அடித்துவிட்டாள்.)

சரி, நிறைய, குறைவு என்றால் எதை விட? ஒப்பிட ஒரு ரத்தம் வேண்டும் அல்லவா? 'டி' நிச்சயமாக நன்றாக இருக்கிற ஒருவருடைய ரத்தம். அதற்குப் பெயர் கண்ட்ரோல். அதை நூறு என்று வைத்துக்கொண்டு, வந்த ரத்தம் அதில் எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட் எழுதுவார்கள். முப்பதுக்குக் கீழே வந்தால் அந்தப் பெண்ணை நெகட்டிவ் மாதிரியே நடத்த வேண்டும். முப்பதுக்கு மேலே போனால் பாசிட்டிவ், கவலையில்லை.

பெண்ணை என்று ஏன் சொன்னேன்? ஏனென்றால் பிரச்சினை கர்ப்பிணிகளுக்குத்தான். அம்மா நெகட்டிவ், வயிற்றிலிருக்கும் பிள்ளை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தின்போது பிள்ளையின் ரத்தம் அம்மாவுக்குள் கலந்துவிடும். அம்மாவின் உடம்பு அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு ஆயுதம் செய்து வைத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடி வாங்கும். பிரசவமான எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி போட்டுவிட்டால் இந்த வம்பே வராது. அந்த ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அக்காவின் ஒரு எண் முடிவு செய்யும்.

3

இயந்திரம் வந்து இறங்கிய நாளில், கண்ட்ரோல் ரத்தம் வந்து சேரவில்லை. எங்கேயோ வழியில் மாட்டிக்கொண்டது. பெரிய டாக்டரம்மா, அதாவது அந்தக் கூடத்தின் தலைவி, "இப்ப என்ன பண்றது?" என்று கையைப் பிசைந்தார். அக்கா கோட்டுக் கையை மடக்கிவிட்டு, "நான் பாசிட்டிவ்தான் மேடம், என் கார்டுல அப்படித்தான் இருக்கு, என்னுதை எடுத்துக்குங்க" என்றாள். ஒரு வாரத்துக்குத்தான் என்று பேச்சு.

அந்த ஒரு வாரம் பதினொரு வருடம் ஓடியது. அக்கா லீவு போட மாட்டாள், முந்தின நாளே ஒரு சின்னக் குழாயில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். கேன்டீனில் "கண்ட்ரோல் அக்காவுக்கு ஒரு டீ" என்றால்தான் தெரியும், பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அதில் பெருமை. எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் உண்டு. என் கதைகளை ஒருவரும் எதற்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டது இல்லை.

யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். நியாயம். தெளிவாகப் பாசிட்டிவாக இருக்கிற ரத்தம் எதுவும் இந்த இயந்திரத்துக்கு வருவதில்லை, குழாய்ப் பரிசோதனையோடு அதன் கதை முடிந்துவிடும். சந்தேகக் கேஸ்கள் மட்டும் வந்து அக்காவோடு தோளுரசிப் பார்த்துவிட்டுப் போயின. ஒரே ஒருமுறை, ஐந்தாவது வருடத்தில், ஒரு சந்தேக ரத்தம் நூற்றிருபது சதவீதம் என்று வந்தது. "இவங்க என்னைவிட ஸ்ட்ராங்கு" என்று அக்கா சிரித்திருக்கிறாள். டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தனக்கு வயிற்றைக் கலக்குவதாக அக்கா சொன்னாள். அதைக் கதையில் எப்படிக் காட்டுவது என்று மூன்று நாள் யோசித்தேன். "அவள் வயிற்றில் ஓர் இருண்ட பறவை" என்று ஆரம்பித்து— விடுங்கள். வயிற்றைக் கலக்கியது.

4

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மணிகள் வந்தன. கழுத்தில் போடும் மணி அல்ல, கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சாயம் என்று தயாரிக்கும்போதே எண்ணி வைத்திருப்பார்கள். இவற்றை இயந்திரத்தில் விட்டால், அணு ஒன்றுக்கு எத்தனை 'டி' என்று சதவீதமாக இல்லாமல் எண்ணாகவே சொல்லிவிடலாம். தர ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் கேட்கிறார்கள் என்று வாங்கியது.

அக்கா மணிகளை விட்டாள். பிறகு தன் ரத்தத்தை விட்டாள். நல்ல பாசிட்டிவ் என்றால் அணுவுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். அவளுக்கு மூவாயிரம் வந்தது.

மெஷினைச் சந்தேகப்பட்டாள். துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். சாயத்தைச் சந்தேகப்பட்டு வேறு குப்பி திறந்தாள். மணிகளை, துளி அளக்கிற பிப்பெட்டை, ஏசியைச் சந்தேகப்பட்டாள். தன்னை மட்டும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அவள்தான் கண்ட்ரோல். பன்னிரண்டு மணிக்கு வேறு வழியில்லாமல் எழுந்துபோய், வழியில் அகப்பட்டவர்களை எல்லாம் பிடித்துவந்தாள். அட்டெண்டர், செக்யூரிட்டி, கேன்டீன்காரர், லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவர் என்று நான்கு பாசிட்டிவ் மனிதர்கள் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"என்னக்கா, ரத்த தானமா? பிஸ்கட் உண்டா?" என்றார் லிஃப்ட்காரர்.

"அப்புறம் தரேன். கையை நீட்டுங்க."

நான்கு பேருடைய மேடும் திரையின் வலது பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பின. பதினாலாயிரம், பதினாறாயிரம், பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம். அக்காவின் மேடு மட்டும் இடது பக்கம் தனியாக நின்றது. அவளும் அந்தச் சந்தேகக் கேஸ்களில் ஒருத்திதான். பதினொரு வருடமாகச் சந்தேகத்தை வைத்துச் சந்தேகத்தை அளந்திருக்கிறாள்.

கணக்கு எளிது. அவளுடையது மற்றவர்களுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆகவே அவள் ரத்தத்தோடு ஒப்பிட்டு நாற்பது சதவீதம் என்று எழுதியது, உண்மையில் எட்டு சதவீதம். பாசிட்டிவ் என்று அனுப்பிய பெண்கள் நெகட்டிவ் மாதிரி நடத்தப்பட்டிருக்க வேண்டியவர்கள். அவள் பதினொரு வருட ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். ஒன்பது பேர். எட்டு பேர் எப்போதோ பிள்ளை பெற்றுக்கொண்டு போய்விட்டவர்கள். ஒன்பதாவது ரிப்போர்ட்டின் தேதியைப் பார்த்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று பிரசவ வார்டுக்குப் போன் போட்டாள்.

"ஸ்கூல் வேன் ஓட்டுவாங்களே, அந்தம்மாவா?" என்றார் நர்ஸ். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பொறந்தாச்சு. பையன். பாசிட்டிவ். அம்மாவும் பாசிட்டிவ்தானே, அதனால ஊசி எதுவும் போடல."

அப்போது மணி மூன்று. ஐம்பத்தொரு மணி நேரம் போயிருந்தது.

5

இப்போது டாக்டரம்மாவை என்ன செய்வது என்று எனக்குக் குழப்பம். கதைக்கு ஒரு கெட்டவர் தேவை. அவருக்குத் தங்க ஃபிரேம் கண்ணாடி மாட்டி, குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கி எல்லாம் பார்த்தேன். உண்மையில் அவர் நல்ல மனுஷி, முட்டிவலிக்காரர், மேஜைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர். அக்கா நான்கு மேடுகளையும் ஒரு மேட்டையும் அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "நாளைக்குக் காலைல வேற பத்துப் பேர் ரத்தத்தை வெச்சு மறுபடி ஓட்டிப் பார்ப்போம். அப்புறம் நிர்வாகத்துக்குச் சொல்லிக்கலாம்" என்றார்.

"நாளைக்கு மத்தியானத்தோட நேரம் முடியுது மேடம்."

"அவசரப்பட்டு ஒரு காகிதத்துல எழுதிட்டோம்னா, ஒன்பது பேருக்கும் பதில் சொல்லணும். பதினொரு வருஷம். புரியுதா உனக்கு?"

அக்காவுக்குப் புரிந்தது. அவள் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாள்.

இந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்று இருந்தேன். (வெட்டியிருந்தேன். மறுபடி ஒட்டினேன்.) அவள் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். "வேலை போயிடும்டா. அதுகூடப் பரவாயில்ல. அந்த எட்டு பேர்ல யாருக்காவது ரெண்டாவது பிள்ளை..." என்று நிறுத்தினாள். பயந்துபோயிருந்தாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பயந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் சொன்னது என்ன தெரியுமா? "அக்கா, இதை நான் எழுதலாமா?"

போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. வெட்கக்கேடு. பிற்பாடு இதைப் பற்றிக் கேட்டபோது அக்கா ஒன்றே ஒன்று சொன்னாள்: "நீ ஏதாவது ஆறுதலாப் பேசியிருந்தா நான் அங்கேயே உக்காந்து அழுதிருப்பேன். உன் மேல வந்த கோவத்துல எந்திரிச்சு வார்டுக்குப் போனேன்." ஆக, இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான்.

6

வார்டில் வேன் ஓட்டும் பெண் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு நாள் பிள்ளையை மடியில் வைத்து வேனைப் பின்னால் எடுக்கிறவர் மாதிரி ஜாக்கிரதையாக ஆட்டிக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா தான் யார் என்று சொன்னாள். பிறகு, நடந்ததை இடையில் எங்கும் நிறுத்தாமல் சொன்னாள்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். "இருங்க. உங்க ரத்தம் வீக்கா இருந்ததால என் ரத்தம் நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சுதா?"

"ஆமாம்மா."

"இவனுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இவனுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஊசி போட்டுட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம்."

"அடுத்ததா? இவன் ஒருத்தனே ரெண்டு நாளாக் கண்ணை மூட விடல." சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "நீங்க வந்து சொல்லலைன்னா?"

"தெரிஞ்சிருக்காது."

"எப்பத் தெரிஞ்சிருக்கும்?"

அந்தப் பெண் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, கணவரின் காலை உதைத்து எழுப்பினார். "எந்திரி. யார் கையெழுத்துப் போடணுமோ அவங்களைக் கூட்டிட்டு வா. ஊசி போடாம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

கணவர் போக வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா கதவருகே செருப்போடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று அக்காவுக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டை வாங்கி ஊசிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பிப் போகும்போது, "ஒன்பதுலயும் என் கையெழுத்தும்தான் இருக்கு" என்றார்.

ஊசி ஐம்பத்து நான்காவது மணி நேரத்தில் போடப்பட்டது.

7

இங்கே முடித்திருக்கலாம். முடிக்கத் தெரிந்தவர்கள் முடித்திருப்பார்கள். நான் இன்னும் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) டாக்டரம்மா மறுத்துவிடுகிறார், ஊசி போடப்படவில்லை. நான்கு வருடம் கழித்து வேன் ஓட்டும் பெண்ணின் இரண்டாவது பிள்ளை இறந்து பிறக்கிறது. வெளியே மழை. இரண்டு பக்கம் எழுதி, படித்து, நானே அழுதேன். எவ்வளவு நன்றாக அழ வைக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அக்கா படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு பிள்ளையை எதுக்குடா கொன்ன?" என்றாள். கதைக்காக என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

(ஆ) ஊசி போட்ட நன்றியில் வேன் ஓட்டும் பெண் குழந்தைக்கு அக்காவின் பெயரையே வைக்கிறார். அக்கா: "பையன்டா அது."

உண்மை இரண்டிலும் இல்லை. ஊசி வேலை செய்ததா என்று ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஆறு மாதத்தில் இன்னும் ஐந்து மீதி இருக்கிறது. விசாரணை நடக்கிறது. அக்கா இப்போது எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை, முன்னறையில் உட்கார்ந்து சாம்பிள் குழாய்களில் லேபிள் ஒட்டுகிறாள். கண்ட்ரோலுக்கு ஐந்து பேருடைய ரத்தத்தை எடுக்கிறார்கள். கேன்டீனில் மட்டும் இன்னும் கண்ட்ரோல் அக்காதான். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது என்றாள்.

8

எட்டு பேருக்கும் கடிதம் அனுப்ப நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அக்கா என்னைக் கூப்பிட்டாள். "நீதான் எழுதுறவனாச்சே, இதை எழுதிக் குடு" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து உற்சாகமாக உட்கார்ந்தேன்.

"தவிர்க்க இயலாத சில தொழில்நுட்பக் காரணங்களால், தங்களது முந்தைய பரிசோதனை முடிவுகளில் ஏற்பட்டிருக்கக்கூடிய—"

அவள் பேனாவை வாங்கி 'தவிர்க்க இயலாத'வை அடித்தாள். "தவிர்த்திருக்கலாம்" என்றாள். 'தொழில்நுட்ப'த்தை அடித்தாள். 'ஏற்பட்டிருக்கக்கூடிய'வை அடித்தாள். என் கடிதத்தில் மிஞ்சியது தேதி. பிறகு அவளே எழுதினாள்:

"உங்கள் ரத்தத்தை நான்தான் பரிசோதித்தேன். பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்தேன். அது தவறாக இருக்கலாம். குறை உங்கள் ரத்தத்தில் இல்லை, நான் வைத்திருந்த அளவில். மறுபடி ஒருமுறை வாருங்கள். பழைய ரிப்போர்ட்டை இனி நம்பாதீர்கள். இப்போது கர்ப்பமாக இருந்தால் இன்றைக்கே வாருங்கள்."

இருபது வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு பத்தி எனக்கு வாய்த்ததில்லை. பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது. இந்த முறை என்னை நான் மெச்சிக்கொள்ளவில்லை.

ஏழு பேர் வந்தார்கள், அல்லது போனில் பேசினார்கள். ஐந்து பேர் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவர்கள். ஒருவருக்கு இரண்டாவதும் நல்லபடியாகப் பிறந்திருக்கிறது. ஒருவர் பாதியில் கலைந்துபோன ஒன்றைப் பற்றிச் சொன்னார். இதனால்தானா என்று கேட்டார். தெரியாது என்று அக்கா சொன்னாள், அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

எட்டாவது கடிதம் திரும்பி வந்தது. உறையின் மேல் "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதியிருந்தது. போன் நம்பர் வேறு யாரிடமோ இருக்கிறது. பழைய வீட்டுக்கு அக்கா இரண்டு முறை போனாள். காலி செய்துவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட், முப்பத்தெட்டு சதவீதம், அப்போது வயது இருபத்து மூன்று, முதல் பிரசவம்.

அந்த உறையைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்துவிட்டு அக்கா கேட்டாள்: "உன் கதையெல்லாம் எத்தனை பேர் படிப்பாங்க?"

"ஆயிரம் பேர் இருக்கும்."

"டேய்."

"நானூறு."

"அதுல அவ இருக்கலாம் இல்ல?" என்றாள். "எழுது."

அதனால் எழுதினேன். இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. அது இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருவரிடம் இருக்கிறது. அவருக்கு இது ஒரு கதை என்றே தெரியாது.

அவர் நீங்களாக இருந்தால், ஆறு வருடத்துக்கு முன்னால் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, குரூப் சந்தேகமாக இருக்கிறது என்று உங்கள் ரத்தத்தை இரண்டாம் முறை எடுத்துப்போய், பாசிட்டிவ், முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதித் தந்திருந்தால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போய், மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். என்ன வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், நான் எழுதிவிடுவேன். அக்காவிடம் மட்டும் சொல்லுங்கள்.